பணக்கூலியும் மெய்க்கூலியும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பொருளியல் என்றதும், அது கொழும்பிலே படித்தவர்கள் பேசும் விஷயம் என்று நம்மிற் பலர் ஒதுங்கிவிடுகிறோம். கடைக் கடன் கொப்பியைப் பார்த்து, இம்மாதம் மாவைக் குறைப்பதா மண்ணெண்ணெயைக் குறைப்பதா என்று யோசிக்கும் நம் தாய்மார் அனைவரும் பொருளியல் அறிந்தவர்களே. அவர்கள் அறிந்ததற்குப் பெயர் சொல்வதே நாம் இன்று செய்யப்போவது.

கையில் எண்ணி வாங்கும் காசு பணக்கூலி. அந்தக் காசு வீட்டுக்குக் கொண்டுவரும் பொருள் மெய்க்கூலி. ஒரு கிலோ மா நூறு ரூபாயானால், ஆயிரம் ரூபாய்க்குப் பத்துக் கிலோ. மா முந்நூறு ரூபாயானால், அதே ஆயிரத்துக்கு மூன்று கிலோவும் சொச்சமுந்தான். நோட்டு மாறவில்லை, மூட்டை சுருங்கிவிட்டது.

இது வெறும் பாடப்புத்தகக் கணக்கல்ல. நாள் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் வேண்டுமென்று நம் மலைநாடு பல வருடங்கள் குரல் கொடுத்தது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் முடிவு வர்த்தமானியில் வந்தது: அடிப்படை 900, கொடுப்பனவு 100. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் அது வெற்றியாகப் பேசப்பட்டது. அப்பொழுது ஓர் அமெரிக்க டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். ஆகவே நாட்கூலி ஐந்து டொலர். 2022 நடுப்பகுதியில் டொலர் 360 ரூபாயளவில் நின்றது. அதே ஆயிரம் மூன்று டொலருக்கும் குறைந்துபோயிற்று.

"நாம் டொலரா தின்கிறோம்?" என்று ஒரு பெரியவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் நம் ரொட்டிக்குரிய கோதுமை கப்பலில் வருகிறது. கப்பற்காரனுக்கு டொலர் கொடுக்கவேண்டும். 2022 செப்டெம்பரில், ஒரு வருடத்துக்குள் கொழும்பு விலைவாசி சுமார் 70 சதவீதமும், உணவு விலை 95 சதவீதமளவும் ஏறியிருந்தன. இதற்குப் பெயர் பணவீக்கம்.

இனி மறுபக்கம். நாம் பறிக்கும் கொழுந்து தேயிலையாகி வெளிநாட்டுக்குப் போய் டொலரைக் கொண்டுவருகிறது. ரூபாய் விழுந்தால், அதே டொலருக்கு விற்பவருக்குக் கூடுதல் ரூபாய். அதோடு 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதால் விளைச்சலும் குன்றியது. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் உற்பத்தி 2022இல் 25 கோடியளவுக்கு இறங்கியது. பண்டம் குறைந்தால் விலை ஏறும். கொழும்பு ஏலத்தில் சராசரி விலை ரூபாய்க் கணக்கில் இரட்டித்தது. உரமும் எரிபொருளும் விலை ஏறியதால் தோட்டங்களுக்கும் செலவு கூடியது என்பதை மறைக்கலாகாது. என்றாலும் விலையோடு சேர்ந்து ஏறாமல் நின்றது கூலி ஒன்றுதான்.

2024 செப்டெம்பரில் அடிப்படைக் கூலி 1,350 ஆனது. கூடுதலாகப் பறிப்போருக்கு 350 ஊக்கத்தொகை என்றார்கள். டொலர் அப்பொழுது 300 ரூபாயளவு. வகுத்துப் பாருங்கள்: நாலரை டொலர்!

இன்னொரு சொல்லையும் பிரித்தறிய வேண்டும். கூலி வேறு, வருமானம் வேறு. நாட்கூலியை வேலைநாட்களாற் பெருக்கினால்தான் மாத வருமானம். ஆயிரம் ரூபாய் வந்தபின் பறிக்கவேண்டிய கிலோ கூட்டப்பட்டது, வேலைநாட்கள் குறைக்கப்பட்டன என்று பல தோட்டங்களிலிருந்து முறைப்பாடு எழுந்தது. மிஷன் பாடசாலையில் நாங்கள் படித்த உவமையொன்றில், கடைசி மணியில் வந்த கூலியாளுக்கும் முழுநாட் கூலி கிடைக்கிறது. நம் மலையிலோ, நிறுவையில் இரண்டு கிலோ குறைந்தாலும் அரைப்பேர்!

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் வீட்டுச் சம்பளச் சீட்டையும், அம்மாத மா, அரிசி, பருப்பு விலைகளையும் எழுதி வாருங்கள். பெருக்கல் வகுத்தல் தெரிந்தாற் போதும். மெய்க்கூலியை நாம் சேர்ந்தே கணக்கிடுவோம்.