சான்றிதழ்ப் பிழையும் பாதுகாப்பான தொடர்பும்



வீட்டிலுள்ள பழைய கணினியொன்றில் கே3எஸ் என்னும் சிறிய குபர்நெட்டீஸ் தொகுதியை நிறுவி, கொள்கலன் தொழில்நுட்பத்தைச் செலவின்றிப் பயிலலாம். அக்கணினியில் அமர்ந்து இயக்கும்போது யாவும் சீராக நடைபெறும். பல்கலைக்கழக விடுதியிலிருந்து மடிக்கணினி வழியே தொடர்பு கொள்ளும்போதோ, சான்றிதழ் பொருந்தவில்லை என்ற பிழைச்செய்தி தோன்றும்.

கடவுச்சீட்டில் ஒரு பெயரும் விமானச்சீட்டில் வேறொரு பெயரும் இருந்தால் நேரும் இடர் புலம்பெயர்ந்தோர் நன்கறிந்ததே. இங்கு நிகழ்வதும் அதுவே. தொடர்புக் கோப்பில் 127.0.0.1 என்ற முகவரியும் 6443 என்ற வாயிலும் பதிவாகியிருக்கும். முகவரியை மட்டும் மாற்றினால், புதிய முகவரி சான்றிதழில் இல்லாதபோது மறுப்பு எழும்.

இதற்கு வழிகள் இரண்டு. அமைவுக் கோப்பில் டிஎல்எஸ்-சான் என்ற பகுதியில் புதிய முகவரியைச் சேர்த்துச் சேவையை மீளத் தொடக்குவது ஒன்று. எஸ்எஸ்எச் சுரங்கம் அமைப்பது மற்றொன்று. சுரங்கத்தின் வழியே முகவரி 127.0.0.1 ஆகவே நீடிப்பதால் சான்றிதழும் பொருந்தும். 6443 வாயிலை இணையத்திற்குத் திறந்துவிடவும் தேவையில்லை.

'அறியப்படாத அதிகாரி ஒப்பமிட்டது' என்ற செய்தி வேறு வகையானது. தொகுதியை அழித்து மீண்டும் நிறுவும்போது புதிய சான்றளிப்பு அதிகாரம் உருவாகும். மடிக்கணினியிலுள்ள பழைய கோப்பு அதனை அறியாது. கோப்பைப் புதிதாகப் படியெடுத்தல் வேண்டும். கே3எஸ் சான்றிதழ்கள் பொதுவாக 365 நாட்களில் காலாவதியாகும். அவை புதுப்பிக்கப்பட்ட பின்னரும் கோப்பைப் படியெடுக்க வேண்டும். கணினியின் கடிகாரம் பிழையாக இருப்பினும் இதே தொல்லை நேரும்.

சரிபார்ப்பையே நிறுத்திவிடும் குறுக்குவழியும் உண்டு. அதனைக் கைக்கொண்டால் பிழைச்செய்தி மறையும். ஆயின் எதிரே இருப்பது வீட்டுக் கணினியா, இடையில் புகுந்த வேற்றாளா என்பதை அறிய இயலாது. கடவுச்சொற்களும் தரவுகளும் அந்நியர் கையில் சேரக்கூடும்.

2011ஆம் ஆண்டு நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்தில் ஊடுருவியோர், கூகுளின் பெயரில் போலிச் சான்றிதழ் பெற்றனர். அது ஈரானிலிருந்த பயனர்களுக்கு எதிராகப் பயன்பட்டது. அங்கு ஒருவரின் குரோம் உலாவி காட்டிய எச்சரிக்கையே அவ்வாண்டு ஆகஸ்டில் மோசடியை வெளிக்கொணர்ந்தது. அடுத்த மாதமே அந்நிறுவனம் திவாலாயிற்று.

சமூக அமைப்புகளின் உறுப்பினர் பட்டியல்களையும் தாயக உறவுகளின் விவரங்களையும் நாளை பேணப்போவோர் இன்றைய இளையோரே. ஒரு பட்டியல் கசிந்தால், அதன் விளைவைத் தொலைவிலுள்ள உறவுகளே சுமக்க நேரலாம். ஆகவே பிழைச்செய்தியை அடக்காது, அது கூறும் காரணத்தைப் படித்துத் திருத்தும் பழக்கம் வீட்டுக் கணினியிலேயே தொடங்கட்டும். பிள்ளைகள் அதற்குச் செலவிடும் நேரத்தைப் பெற்றோர் வீணெனக் கருத வேண்டாம்.