கந்தனும் மெர்சோவும்: தமிழ் நாவலில் அபத்தம்

  

இருத்தலியல் என்றால் என்னவென்று இங்கே பாடம் நடத்தப்போவதில்லை. சார்த்தரின் முதல் நாவல் 1938இல் வந்தது, காம்யுவின் ‘அந்நியன்’ 1942இல் வந்தது. ‘அந்நியன்’ வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில், பிரெஞ்சிலிருந்து நேராக, 1980இல் க்ரியா வழியே நமக்குக் கிடைத்தது. காம்யு தன்னை இருத்தலியல்வாதி என்று ஒப்புக்கொள்ளவில்லை என்பதும் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வழக்கு வேறு. இருத்தலியல் பார்வை தமிழில் எந்த நாவலுக்குள் உண்மையாகவே இறங்கியது?

என் சக பேராசிரியர்கள் கருத்தரங்குக்குக் கருத்தரங்கு ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். 1981இல் வெளிவந்த சுந்தர ராமசாமியின் அந்த நாவலின் வாசலிலேயே காம்யு நிற்கிறார். அவர் கார் விபத்தில் இறந்தது 1960 ஜனவரி 4. கற்பனை எழுத்தாளன் ஜே.ஜே. இறப்பது மறுநாள். நண்பர்களுக்கு இதுவே போதுமான சான்று. கடைப் பலகையைப் படித்தே பசியாறுகிறவர்கள்! ஜே.ஜே. கொதிக்கிறவன். உண்மை என்று ஒன்று உண்டு, ஊர் அதை மூடி வைத்திருக்கிறது என்று நம்புவதால்தான் கொதிக்கிறான். அவனைத் தேடிப்போகும் பாலுவின் குரலில் பக்தியே இருக்கிறது. பெரிய நாவல்தான், மறுக்கவில்லை. ஆனால் அது லட்சியத்தின் நாவல்.

நான் காட்டுவது ஜி. நாகராஜனை. கணிதம் கற்பித்தவர், மதுரைத் தெருக்களை அறிந்தவர். ‘நாளை மற்றுமொரு நாளே’ 1974இல் வந்தது. தமிழ் ‘அந்நிய’னுக்கு ஆறு ஆண்டுகள் முன்பு. “ஆங்கிலத்தில் காம்யுவைப் படித்திருப்பாரே” என்று ஒரு நண்பர் ஒவ்வொரு முறையும் எழுந்து கேட்பார். படித்திருக்கட்டும். நாவலின் நாயகன் கந்தன் எந்தப் புத்தகத்திலிருந்தும் வந்தவன் அல்லன்.

‘அந்நிய’னின் நாயகன் மெர்சோவைப் பாருங்கள். தாயின் உடலருகே பால் கலந்த காப்பி குடித்தான், சிகரெட் பிடித்தான், அழவில்லை, அடக்கத்துக்கு மறுநாள் தோழி மரியோடு சினிமாவுக்குப் போனான். பிறகு கடற்கரையில் ஓர் அரபியைச் சுட்டான். நீதிமன்றம் கொலையைவிட அந்தக் காப்பியைத்தான் துருவித் துருவி விசாரிக்கிறது. அங்கே ஊருக்கு அர்த்தத்தில் நம்பிக்கை இருக்கிறது. அர்த்தம் இல்லாதவனை அது தாங்காது. பாதிரியாரிடம் அவன் வெடிப்பதும் அதனால்தான்.

கந்தனின் கதை ஒரே நாள். குடியைத் தேடி எழுகிறான், தரகு பேசுகிறான், மனைவி மீனா உடலை விற்கும் வீட்டுக்குத் திரும்புகிறான். அவன் அழுதானா என்று யாரும் கேட்பதில்லை. அவனைச் சுற்றியிருப்பவர்கள் கேட்பதெல்லாம் ‘எவ்வளவு’ என்பதே. மெர்சோ கண்டுபிடிக்க வேண்டியிருந்த அர்த்தமின்மை கந்தனுக்குக் கையில் கொடுக்கப்பட்டுவிட்டது. அதனால் அவனிடம் கொதிப்பில்லை, தத்துவமில்லை. மனிதர்கள் மேல் ஒருவகைப் பிரியம்கூட இருக்கிறது. நாகராஜன் அவனை மன்னிக்கவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. நாவலின் தலைப்பே தீர்ப்பு: நாளையும் இதே நாள்தான். காம்யு, ஓயாமல் பாறை உருட்டும் சிசிபஸைப் பற்றி ஒரு நூலே எழுதிச் சொன்னதை நாகராஜன் மூன்று சொல்லில் முடித்துவிட்டார்.

சிசிபஸ் என்றதும், தாணிப்பாறை வழியே அமாவாசைதோறும் சதுரகிரி மலை ஏறும் கூட்டத்தை உவமை காட்டுவோர் உண்டு. வேண்டாம் ஐயா. மேலே சுந்தர மகாலிங்கம் இருக்கிறார் என்று நம்பி ஏறுகிறவர்களுக்கும் பாறை உருட்டுபவனுக்கும் சம்பந்தமே இல்லை.

நேரமாகிவிட்டது; மற்றவற்றைத் தலைப்பாகவே சொல்கிறேன். நகுலனின் ‘நினைவுப்பாதை’யைத் தனியே ஆராய வேண்டும், அங்கே அபத்தம் நினைவின் பக்கமிருந்து வருகிறது. ந. முத்துசாமியின் நாடகங்களைப் பெக்கெட்டோடும் இயொனெஸ்கோவோடும் சேர்த்துப் பெயர் சொல்வதோடு நிறுத்திவிடுகிறோம். மேடையில் வைத்துப் பார்க்க வேண்டும். ‘அந்நிய’னில் பெயரே இல்லாத அந்த அரபிக்கு அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத் 2013இல் ஒரு பெயரும் குடும்பமும் கொடுத்து நாவல் எழுதினார். மீனாவின் பக்கமிருந்து தமிழில் அப்படி யாரேனும் எழுதலாம். புதுச்சேரியில் பிரெஞ்சும் தமிழும் அறிந்தவர்கள் இந்த விவாதத்துக்குள் வர வேண்டும்.

பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருத்தலியல் என்ற தலைப்பின் கீழ் ஜே.ஜே.யை எடுத்துவிட்டு நாகராஜனை வையுங்கள். ஜே.ஜே.க்கு வேறு தலைப்பில் இடம் உண்டு.