பழைய நிரலுக்கும் கவ்வாத்து

2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்த லயங்கள் மண்ணுக்குள் போனபோது, காணாமற்போனோர் எத்தனை பேர் என்பதே செய்திக்குச் செய்தி மாறியது. அத்தகைய பட்டியல்களுக்காகவே 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நம் நாட்டவர் 'சகானா' மென்பொருளை எழுதினார்கள்.

மென்பொருளுக்கும் வயதாகும். சகானாவின் பின்வந்த வடிவமான 'ஈடன்' பைதன் மொழியில் ஆனது. பைதன் 2க்கான ஆதரவு 2020 சனவரி 1உடன் நின்றது. பழைய நிரலைப் புதுப்பிக்க '2டு3' என்ற கருவி இருந்தது. அது சொல்லைத் தேடி மாற்றுவதில்லை. எழுவாய், பயனிலை என்று நாம் வகுப்பில் பிரித்தோமே, அப்படி நிரலைத் தொடரியல் மரமாகப் பிரித்து, வேண்டிய கிளையில் மட்டும் கத்தி வைக்கும். கவ்வாத்தேதான்! மேற்கோளுக்குள் இருக்கும் ஆட்பெயரைத் தொடாது.

வகுத்தல் குறியையும் தொடாது. 7ஐ 2ஆல் வகுத்தால் பழைய பைதனில் 3, புதியதில் 3.5. நிவாரணப் பொதிகளைப் பங்கிடும் வரியில் எது வேண்டும் என்பதை, எங்களைப் போல இத்தொழிலில் இருப்போர்தான் வரிவரியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.