மேடையில் நிறுத்தாதீர்கள், கூடப் போய் நில்லுங்கள்

ஜெனரல் ஷிப்ட் முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கும் தோழர்களே!

கூட்டத்துக்குள் துண்டேந்தி வருகிறார்கள். கணவனை இழந்தும், கணவனால் கைவிடப்பட்டும், மனைவியை இழந்தும் ஒற்றை ஆளாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்காக இந்த வசூல். தாராளமாகப் போடுங்கள். ஆனால் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். உங்களைப் பாராட்ட என்னைக் கூப்பிட்டிருந்தால் ஆளை மாற்றிக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் சண்டை போட வந்திருக்கிறேன்.

முதல் சண்டை தையல் மெஷினோடு. நம் நெய்வேலியில் தர்மம் என்றால் என்ன நடக்கிறது? மேடை போடுகிறோம். பத்துத் தையல் மெஷினை வரிசையாக வைத்து மாலை போடுகிறோம். மெஷினுக்கு ஒரு பெண்ணை நிறுத்துகிறோம். விருந்தினர் மெஷின் மேல் கையை வைக்கிறார், அவள் தலையைக் குனிகிறாள், போட்டோக்காரர் "அம்மா, இங்கே பாருங்க" என்கிறார். மறுநாள் பேப்பரில் அவள் பெயர் இல்லை. கொடுத்தவர் பெயர் இருக்கிறது. பக்கத்து மந்தாரக்குப்பத்தில் ரெடிமேட் கடை வந்துவிட்டதே, ஜாக்கெட் தைக்க எத்தனை பேர் வருவார்கள் என்று யாராவது கேட்டோமா? ஒருத்தி தன் புருஷன் செத்துப்போனதை ஊரறியக் காட்டி நிற்கவேண்டும், அப்போதுதான் உதவி என்றால், அதற்குப் பெயர் தர்மமா?

இரண்டாவது சண்டை நம்முடைய கண்ணோடு. கூட்டமாகச் செத்தால்தான் நமக்குத் தெரிகிறது. 2020 ஜூலை 1. இங்கே என்.எல்.சி.யின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் ஐந்தாவது யூனிட் பாய்லர் வெடித்தது. அன்றே 6 பேர் போனார்கள். சென்னைக்குக் கொண்டுபோனவர்களில் பலர் அடுத்தடுத்த நாள்களில் போனார்கள். அதற்கு முன்பு மே 7ஆம் தேதி ஆறாவது யூனிட்டிலும் இதே கதை. அன்றைய முதலமைச்சர் இறந்தவர் குடும்பத்துக்கு 3 லட்சம் அறிவித்தார். நிறுவனமும் தனியே இழப்பீடு அறிவித்தது. சரி, வேண்டியதுதான், இன்னும் கூடக் கொடுத்திருக்கலாம்.

2021இல் கொரோனா. தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைகளின் குடும்பத்துக்குத் தமிழக அரசு 3 லட்சம் அறிவித்தது. 2024 ஜூனில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம். பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளைகளுக்கு அங்கேயும் 3 லட்சம் வைப்புத் தொகை அறிவித்தார்கள். ஆக, ஒருவரை இழந்தாலே பிள்ளையின் வாழ்க்கை ஆட்டம் காணும் என்பது அரசாங்கத்துக்குத் தெரியும். தெரியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆனால் நைட் ஷிப்ட் முடித்து பைக்கில் வரும்போது லாரி அடித்துச் செத்தவன்? நாற்பது வயதில் நெஞ்சுவலி வந்து தூக்கத்திலேயே போனவன்? தினம் ஒரு குவார்ட்டர் என்று பத்து வருஷம் குடித்து, கல்லீரல் கெட்டுத் தனியாகச் செத்தவன்? அவன் வீட்டுக்கு எந்த அமைச்சர் வந்தார்? எந்த டிவி வந்தது? பிள்ளைக்குப் பசி ஒன்றுதானே! அப்பன் எத்தனை பேரோடு சேர்ந்து செத்தான் என்று எண்ணிப் பார்த்தா வயிறு பசிக்கிறது?

"அரசாங்கம்தான் பென்ஷன் கொடுக்கிறதே, அப்புறம் எதற்கு வசூல்?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். கொடுக்கிறது. ஆதரவற்ற விதவைகள் ஓய்வூதியம் 1975லேயே இந்த மாநிலத்தில் வந்தது. அத்தனை காலத்துக்கு முன்பே யோசித்தோம், பெருமைதான். 2011இல் அது 1000 ரூபாய் ஆனது. 2023 ஆகஸ்டில் 1200 ஆனது. பன்னிரண்டு வருஷத்துக்கு இருநூறு ரூபாய் ஏற்றம்! அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் கேஸ் சிலிண்டர் எவ்வளவு ஏறியது என்று வீட்டில் கேளுங்கள்.

கைவிடப்பட்டவள் கதை இன்னும் மோசம். கைவிடப்பட்டவர்களுக்கான ஓய்வூதியத்துக்கு விதி என்ன தெரியுமா? வயது 30 ஆகியிருக்க வேண்டும். சட்டப்படி விவாகரத்து ஆகியிருக்க வேண்டும், அல்லது கோர்ட்டில் பிரிவுச் சான்று வாங்கியிருக்க வேண்டும், அல்லது புருஷன் விட்டுப்போய் ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும். 23 வயதில் கைக்குழந்தையோடு விடப்பட்டவள் என்ன செய்வாள்? ஏழு வருஷம் அந்தக் குழந்தையை வளராமல் நிறுத்தி வைப்பாளா? ஓடிப்போனவனுக்கு ஒரு விதியும் இல்லை, நின்று வளர்ப்பவளுக்கு இத்தனை விதியா?

2025 செப்டம்பரில் 'அன்புக் கரங்கள்' திட்டம் வந்தது. மாதம் 2000 ரூபாய், 18 வயது வரை. நல்ல திட்டம், கைதட்டுகிறேன். தாய் தகப்பன் இருவரும் இல்லாத பிள்ளைக்கு உண்டு. ஒருவர் இறந்து, மற்றவர் சிறையிலோ, தீராத நோயிலோ, உடல் முடியாமலோ இருந்தாலும் உண்டு. ஆனால் அம்மா ஒருத்தி உடம்பு நன்றாக இருந்து, நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக் காப்பாற்றினால்? அவளுக்கு அந்தக் கதவு திறக்காது. உழைக்கிறாள் என்பதே அவள் செய்த குற்றம்!

மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' இருக்கிறது. அதில் விதவை, விவாகரத்தானவர், கைவிடப்பட்டவர் ஆகியோரின் பிள்ளைக்கு மாதம் 4000 ரூபாய் நிதி ஆதரவு என்று எழுதியிருக்கிறது. கிராமத்தில் வருஷ வருமானம் 72,000 ரூபாய்க்குள், நகரத்தில் 96,000க்குள் இருக்க வேண்டும். கடலூரில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுக்க வேண்டும். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா? நமக்கே தெரியாது. வடக்குத்துக் கிராமத்தில் குடிசையில் இருப்பவளுக்கு யார் போய்ச் சொல்வது? சொல்ல ஆளில்லாததால்தான் பிள்ளையைக் கொண்டுபோய் ஹோமில் விடுகிறாள். வறுமைக்காகப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்றுதான் அந்தப் பணத்தையே ஒதுக்கியிருக்கிறார்கள்.

நிரந்தரத் தொழிலாளிகளே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். கூட்டுறவுச் சொசைட்டித் தொழிலாளி, காண்ட்ராக்ட் தொழிலாளி என்று உங்கள் பக்கத்திலேயே ஹெல்மெட் போட்டு நிற்கிறானே, அவன் செத்தால் வீட்டில் இருப்பவளுக்கு என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியுமா? அவன் சம்பளத்தில் பி.எஃப். பிடித்திருந்தால், சேர்ந்த பணத்துக்கு 20ஆம் நம்பர் படிவம். குடும்ப ஓய்வூதியத்துக்கு 10-டி. காப்பீட்டுக்கு 5-ஐஎஃப், அது அதிகபட்சம் 7 லட்சம் வரை வரும். ஒரே ஒரு மாதம் ஓய்வூதியச் சந்தா கட்டியிருந்தாலும் மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை தனியாக உண்டு. பிச்சை இல்லை, அவன் வியர்வையில் பிடித்த பணம்! காண்ட்ராக்டர் மாறிவிட்டார், பழைய கணக்கில் பெயர் தப்பாக இருக்கிறது, நாமினி போடவே இல்லை என்று அது அங்கேயே கிடக்கிறது.

அவள் என்ன செய்வாள்? வாரிசுச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். வடக்குத்துக்காரி குறிஞ்சிப்பாடிக்கும், மந்தாரக்குப்பத்துக்காரி விருத்தாசலத்துக்கும் பஸ் ஏற வேண்டும். போகிற நாளெல்லாம் கூலி போச்சு. "நாளைக்கு வாம்மா" என்றால் இன்னொரு நாள் கூலியும் போச்சு. ஐந்தாவது தடவை அவள் போகமாட்டாள். உதவி கிடைக்காததற்குக் காரணம் சட்டம் இல்லாதது அல்ல. கூடப் போக ஆள் இல்லாதது!

அதனால்தான் சொல்கிறேன், இன்று சேரும் பணத்தில் ஒரு தையல் மெஷினும் வாங்கக் கூடாது. படிவம் எழுதத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆபீஸ் உதவியாளர்கள் இந்த டவுன்ஷிப்பில் வட்டத்துக்கு வட்டம் இருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு நாள் உட்காருங்கள். வசூல் பணத்தில் அவளுக்குப் பஸ் காசு கொடுப்போம். போகிற நாளின் கூலியைக் கொடுப்போம். பிள்ளைக்கு அவசரமாகக் கட்ட வேண்டிய பீஸைக் கொடுப்போம். எந்த மேடையிலும் ஏற்றாமல், போட்டோ எடுக்காமல் கொடுப்போம். மனைவியை இழந்த ஆணும் வரட்டும். நைட் ஷிப்டுக்குப் போனால் பிள்ளையை யாரிடம் விடுவது என்று தவிக்கும் தகப்பன் இந்த ஊரில் இல்லையா?

"இப்படியெல்லாம் ஆதரித்தால் பெண்கள் குடும்பத்தை உடைத்துக்கொண்டு வருவார்கள்" என்று ஒரு குரல் கேட்கிறது. மாதம் 1200 ரூபாய்க்கு ஆசைப்பட்டு எவளாவது வாழ்க்கையை உடைப்பாளா ஐயா? இன்னொன்று, கல்யாணம் ஆகாமல் பெற்றவளும் தாய்தான். அப்பன் பெயரைச் சொல்லும்படி அவளைக் கட்டாயப்படுத்தாமலே அவளைப் பிள்ளைக்குப் பாதுகாவலராக ஏற்கலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நீதிபதி கேட்காத கேள்வியை நீங்கள் ஏன் பள்ளிக்கூட வாசலில் கேட்கிறீர்கள்?

பக்கத்தில் வடலூர். 1867இல் வள்ளலார் தருமச்சாலை தொடங்கினார். அந்த அடுப்பு இன்னும் எரிகிறது. பந்தியில் உட்கார வருபவனிடம் அங்கே யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. அதற்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு நாம் ஒழுக்கச் சான்று கேட்கிறோம்!

இன்னொரு செய்தி. ராஜஸ்தானில் தனித்து வாழும் பெண்கள் கால் நூற்றாண்டுக்கு முன்பே ஏகல் நாரி சக்தி சங்கதன் என்று சங்கம் கட்டினார்கள். ஒருத்தியின் நிலத்தைப் புருஷன் வீட்டார் பிடுங்கினால் பத்துப் பேர் போய் நின்றார்கள். பென்ஷன் நின்றால் கூட்டமாக ஆபீசுக்குப் போனார்கள். இரக்கத்துக்குக் காத்திருக்கவில்லை. தொழிற்சங்கம் என்றால் என்ன என்று மற்ற ஊருக்கே பாடம் நடத்தக்கூடிய நெய்வேலியில் இது ஏன் முடியாது?

ஆகவே இந்தக் கூட்டத்தின் சார்பில் மூன்று கோரிக்கைகள். ஒன்று, கைவிடப்பட்டவருக்கான 30 வயது, ஐந்து வருஷ விதிகளை மாநில அரசு நீக்க வேண்டும். இரண்டு, 'அன்புக் கரங்கள்' ஒற்றை ஆளாக உழைத்து வளர்க்கும் ஏழைக் குடும்பத்தின் பிள்ளைக்கும் நீள வேண்டும். மூன்று, கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்கு ஒதுக்கும் என்.எல்.சி. நிறுவனம், அதிலிருந்து காண்ட்ராக்ட் தொழிலாளி குடும்பங்களுக்கு ஒரு நிரந்தர உதவி மையம் திறக்க வேண்டும். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்க்காரர்கள் பிள்ளைகளுக்கு இது சலுகை அல்ல.

துண்டு உங்கள் பக்கம் வருகிறது. பணம் போடுபவர்கள் போடுங்கள். கையில் பணம் இல்லாதவர்கள் பெயரையும், எந்தக் கிழமை உங்களுக்கு ஓய்வு என்பதையும் ஒரு சீட்டில் எழுதிப் போடுங்கள். எனக்கு அந்தச் சீட்டுதான் அதிகம் வேண்டும்.