இரு நறுமணங்களும் தேர்வு நெறியும்



பத்தாண்டுகளாக நூல்களைச் சீர்தூக்கி வந்த இம்மன்றத்தில், இன்று நறுமணத் தைலங்கள் இரண்டைச் சீர்தூக்க முன்வந்துள்ளேன். பொருள் சிறிது, தேர்தல் என்னும் செயல் பெரிது. மொட்டுக்குள் பொதிந்த மணத்தை 'நாற்றம்' என்றார் வள்ளுவர். இன்று அச்சொல்லைக் கேட்டால் மூக்கைப் பொத்துகிறோம். மணத்தைப் பேசும் சொற்கள் அருகிவிட்டமையால், விலையையும் விளம்பரத்தையும் கேட்டே பலர் தேர்கின்றனர்.

இரண்டும் பிரான்சு நாட்டில் பிறந்தவை. 1919இல் ஜாக் கெர்லென் இயற்றியது 'மித்சுகோ'. குளோத் ஃபரேர் 1909இல் வெளியிட்ட புதினத்தின் நாயகி பெயரே அதற்கு இடப்பட்டது. மற்றொன்று 'ஏஞ்சல்', 1992இல் தியரி முக்லர் பெயரில் வெளிவந்தது.

பூவிலிருந்து மணநெய் எடுப்பதுபோல் பீச்சுப் பழத்திலிருந்து எடுத்தல் அரிது. மித்சுகோவின் பழமணம் காமா அண்டெகாலாக்டோன் என்னும் வேதிப்பொருளின் கொடை. ஏஞ்சலின் இனிமையோ எத்தில் மால்டால் தருவது, பஞ்சுமிட்டாயை நினைவூட்டுவது. வெறும் இனிமை விரைவில் திகட்டும். ஆதலின் முன்னதற்கு ஓக் மரப்பாசியின் கசப்பும், பின்னதற்குப் பச்சௌலி இலையின் மண்வாசமும் அடித்தளமாயின. பச்சௌலி என்னும் பெயருக்கு ஆங்கில அகராதிகள் தமிழ் மூலம் காட்டுவது நாம் மகிழத்தக்கது.

எங்ஙனம் தேர்வது? மணிக்கட்டுக்கு ஒன்றாகத் தெளித்து, தேய்க்காமல், சில மணி நேரம் பொறுத்திருத்தல் வேண்டும். எளிதில் ஆவியாகும் பொருள்கள் முதலில் பறந்துவிடும், கனத்தவை பின்தங்கும். கடையில் ஐந்து நிமிடம் நின்று முகர்பவர் முன்னுரையை மட்டும் படித்தவராவார். மித்சுகோவில் பழம் மெல்ல ஒடுங்கப் பாசி எஞ்சும். ஏஞ்சலில் இனிப்பும் மண்வாசமும் இறுதிவரை தம்முள் போட்டியிடும். அறை முழுவதும் பரவும். பேருந்தில் அருகிருப்பவருக்கும் அத்தேர்வில் பங்குண்டு என்பதை மறத்தலாகாது.

என் வாக்கு மித்சுகோவுக்கே. அடங்கிய இனிமை எனக்கு உவப்பானது. எனினும் அதன் பழம்பெருமையை நம்பி வாக்களிக்கவில்லை. மரப்பாசியிலுள்ள ஒவ்வாமைப் பொருள்கள் இரண்டை ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் இயற்றிய விதியால் விலக்கியது. இன்றைய குப்பியில் இருப்பது 1919இன் கலவை அன்று. ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபடுவதை அறிந்த உங்களுக்கு இது வியப்பாகாது. பழைய கலவைகளைக் காப்பதற்கென்றே வெர்சாய் நகரில் 1990இல் 'ஒஸ்மோதேக்' நிறுவப்பட்டது.

ஆகவே, பெயரை ஒதுக்கிவைத்து, இன்று கையிலுள்ளதைப் பொறுமையுடன் முகர்ந்து தேர்க. ஏஞ்சலே சிறந்தது என்று அங்ஙனம் தேர்ந்தவர் கூறின், அவரோடு வாதிடவும் எனக்கு விருப்பமே. காரணம் கூறும் இருவர்க்கிடையேதான் சுவை பற்றிய உரையாடல் வளரும். அத்தகைய உரையாடலுக்கு இடமளித்துவரும் இம்மன்றம் நீடு வாழ்க!