புதிய கல்லீரலும் பழைய பகையும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கலையும் இலக்கியமும் மணக்கும் இம்மேடையில் கல்லீரலைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். அதற்குக் காரணம் உண்டு. நம்மிடையே வாழும் அன்பர் ஒருவர் மாற்றுக் கல்லீரல் பெற்று, மூன்றாண்டுகள் நலமுடன் இருந்தார். "நோய்தான் போய்விட்டதே, இனி மாத்திரை எதற்கு?" என்று அதனை நிறுத்தினார். சில திங்களில் அவர் கண்கள் மீண்டும் மஞ்சளித்தன. தக்க தருணத்தில் மருத்துவம் கிடைத்ததால் பிழைத்தார். அந்த நிலை வேறெவர்க்கும் நேரலாகாது என்பதே எம் கவலை.

ஹெபடைடிஸ் பி என்னும் கிருமியை உலகுக்குக் காட்டித் தந்தவர் பாரூக் பிளம்பர்க் என்ற அமெரிக்க அறிஞர். 1976-இல் அவருக்கு நோபெல் பரிசு கிட்டியது. இக்கிருமியால் கல்லீரல் சுருங்கிக் கெட்டவர்க்கு மாற்றுக் கல்லீரலே கடைசிப் புகல். நம் நாட்டில் 1994-இல் உறுப்பு மாற்றுச் சட்டம் பிறந்தது. 1998-இல் தில்லியில் கல்லீரல் மாற்று அறுவை வெற்றி கண்டது.

ஆனால் கெட்ட கல்லீரலை அகற்றினால் கிருமியும் அகன்றுவிடுமா? அகலாது. வயலில் கோரையை மேலே அறுத்தாலும் மண்ணுக்குள் கிழங்கு கிடப்பதுபோல, குருதியிலும் பிற உறுப்புகளிலும் அது தங்கியிருக்கும். புதிய கல்லீரலை உடல் தள்ளிவிடாதிருக்கக் கொடுக்கும் மருந்துகள் நம் எதிர்ப்பாற்றலைத் தணிப்பதால் கிருமிக்கு மேலும் வசதியாகிறது. தடுப்பு முறைகள் தோன்றாத நாளில், பெரும்பாலோர்க்கு நோய் திரும்பியது. புதிய கல்லீரலும் பாழாயிற்று.

இந்நிலையை மாற்றியவை இரண்டு. முதலாவது, இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப் புரதம். தடுப்பாற்றல் மிக்கவர்களின் குருதி நீரிலிருந்து எடுக்கப்படும் இதனை, பழைய கல்லீரலை அகற்றிப் புதியதைப் பொருத்தும் இடைவேளையிலேயே செலுத்தத் தொடங்குவர். இதனை நெடுங்காலம் கொடுத்தால் நோய் மீள்வது குறைகிறது என்பதை, 372 நோயாளிகளை ஆராய்ந்த ஐரோப்பிய மருத்துவர்கள் 1993-இல் வெளியிட்டனர். ஆயினும் இதன் விலை மிகுதி.

இரண்டாவது, கிருமி பெருகாமல் தடுக்கும் மாத்திரை. முதலில் வந்த லாமிவுடினைக் கிருமி நாளடைவில் வென்றுவிட்டது. பின்னர் வந்த என்டெகாவிர், டெனோஃபோவிர் ஆகியவற்றை அவ்வாறு எளிதில் வெல்ல அதனால் இயலவில்லை. புரதமும் மாத்திரையும் சேர்ந்தபின், நோய் மீள்வது நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாயிற்று. இன்று பலர்க்குப் புரத ஊசியைச் சில காலத்தில் நிறுத்தி, மாத்திரையை மட்டும் தொடர்கின்றனர். எவர்க்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

கீழாநெல்லியை நம் பாட்டிமார் நம்பினர். 1988-இல் சென்னை ஆய்வாளர்களும் அதனால் பயன் உண்டென எழுதினர். பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதி செய்யவில்லை. ஆகவே மாத்திரையை விட்டுக் கீழாநெல்லியை நாடுதல் தகாது. உடன் உண்ணும் பச்சிலைகளையும் மருத்துவரிடம் மறைத்தல் கூடாது.

அன்பர்களே! மாத்திரை ஒருவேளையும் தவறலாகாது. ஊருக்குப் புறப்படும்போது, பயணச்சீட்டை எடுத்துவைக்கும் முன்னர் மாத்திரையை எடுத்து வையுங்கள். குறித்த நாளில் குருதிச் சோதனை செய்துகொள்ளுங்கள். வீட்டிலுள்ள ஏனையோரும் சோதித்துக்கொண்டு, தேவையாயின் தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி போடவேண்டும்.

இந்நோயாளரைக் கண்டு ஒதுங்கவும் வேண்டா. உடனிருந்து உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ இது பரவுவதில்லை. நம் பொங்கல் பந்தியில் அவர்க்கும் ஓர் இலை உண்டு. இன்னோர் உயிர் ஈந்த கல்லீரல் வீணாகாமல் காப்பது நோயாளியின் கடமை மட்டுமன்று. அவரைச் சூழ்ந்து வாழும் நம் அனைவரின் கடமையுமாகும்.