இரண்டு கைக்கும் வேலை



கடையில் வாங்குவதைக் குறைப்பது, செல்போன் பார்ப்பதைக் குறைப்பது, கைவேலை பழகுவது என்று மூன்றையும் சேர்த்து ஒரே மூச்சில் வானொலியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முதல் இரண்டைப் பற்றிப் புத்தி சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பகுதி நூலகத்து மாடியில் வயர் கூடை பின்னச் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் மூன்றாவதில்தான் அதிக நேரம் நிற்பேன்; நிலையத்தார் கோபித்துக்கொள்ளக் கூடாது.

வயர் கூடை தெரியாத வீடு ஒரு காலத்தில் நம் பக்கம் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் பிளாஸ்க் போனது அதில்தான், கோயிலுக்குத் தேங்காய் பழம் போனதும் அதில்தான். பிறகு கடைக்காரர்கள் சும்மாவே கேரி பேக் கொடுக்க ஆரம்பித்தார்கள். கூடைகள் பரணுக்குப் போயின. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. பரணில் கிடந்த கூடைகள் சில இறங்கின. ‘அந்த வயரும் பிளாஸ்டிக்தானே டீச்சர்?’ என்று வகுப்பில் கேட்பார்கள், நீங்களும் கேட்பீர்கள். ஆமாம், பிளாஸ்டிக்தான். ஆனால் என் அம்மா பின்னிய கூடையில்தான் இன்றைக்கும் நான் காய்கறி வாங்கி வருகிறேன். கைப்பிடியை மட்டும் ஒருதரம் மாற்றியிருக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். கட்டிலிருந்து பிரித்த வயர் சொன்னபடி கேட்காது. சுருண்டு சுருண்டு நிற்கும். கொஞ்ச நேரம் வெயிலில் போட்டால் இளகும். ஒரே அளவாக நறுக்கி, ஒவ்வொன்றையும் சரிபாதியாக மடித்துக்கொள்ள வேண்டும். இந்த மடிப்பில் விரல் அகலம் பிசகினாலும் கடைசியில் ஒரு பக்கம் வயர் போதாமல் போகும். பிறகு சாதா முடிச்சு. இரண்டு வயரை ஒன்றுக்குள் ஒன்று மாட்டி இழுத்தால், நாலு பக்கமும் சமமாக ஒரு சின்னச் சதுரம் விழும். அந்தச் சதுரம் முதல்முதலாகச் சரியாக விழும்போது ஆட்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பேத்தி எடுத்த அம்மா ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய்க் காட்டிவிட்டு வந்தார். ஒரே ஒரு முடிச்சு, அவ்வளவுதான்.

அடிப்பாகம் முடிந்ததும் சுவர் எழும்பும், சுற்றுச் சுற்றாக. இங்கேதான் கை எப்படிப்பட்டது என்று தெரியும். ஒரே இறுக்கமாக இழுத்தால் கூடை நேராக நிற்கும். வீட்டில் யாரிடமாவது சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், அன்றைக்கு விழுகிற சுற்று தனியாகத் தெரியும். அந்த இடத்தில் கூடை இடுப்பு ஒடுங்கியிருக்கும். ‘செவ்வாய்க்கிழமை யாரோடு தகராறு?’ என்று நான் கேட்டால், ‘உங்களுக்கு யார் சொன்னது?’ என்பார்கள். கூடைதான் சொன்னது.

சாதா முடிச்சு படிந்த பிறகு நெல்லிக்காய் முடிச்சு. பேருக்கேற்ற மாதிரி உருண்டு புடைத்து நிற்கும். வயர் அதிகம் தின்னும், விரலையும் கொஞ்சம் தின்னும். ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர் சுற்றிக்கொள்ளுங்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். அப்புறம் சிவன் கண், பிஸ்கட் முடிச்சு... இருங்கள், இப்படியே போனால் நேரம் போய்விடும்.

இதில் செல்போன் எங்கே வருகிறது என்கிறீர்களா? வரவில்லை. அதுதான் விஷயம். இந்த வேலைக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கை வயரைப் பிடிக்க வேண்டும், மறு கை இழுக்க வேண்டும். நடுவில் விட்டால் முடிச்சு தளர்ந்துவிடும். டிவி பார்த்துக்கொண்டே பட்டாணி உரிக்கலாம், போனைப் புரட்டிக்கொண்டே சாப்பிடவும் செய்கிறோம். கூடை பின்ன முடியாது. எங்கள் வகுப்புக்கு வரும் பெண் ஒருவர் வங்கியில் வேலை பார்க்கிறார். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு போனில் சுடிதார் பார்ப்பதும், பார்த்ததை வாங்குவதும், வாங்கியதைத் திருப்பி அனுப்புவதுமாக இருந்தவர். ஒருநாள் வந்து சொன்னார்: “டீச்சர், நேத்து கூடையோட உக்காந்தேன், போனை எங்க வச்சேன்னே தெரியலை. காலையில பாத்தா அரிசி டப்பா மேல கிடக்கு, சார்ஜ் இல்லாம.” போனைக் குறை என்று நான் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

விரலால் தள்ளத் தள்ள முடியாமல் வந்துகொண்டே இருக்கிறதே போனில், அதை 2006இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின் என்பவர். பக்கத்தின் அடிக்கு வந்ததும் ‘அடுத்த பக்கம்’ என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது அதற்கு முன்னால். அந்த இடத்தில் ஒரு நொடி யோசிப்போம்: போதுமா, இன்னும் வேண்டுமா? அந்த ஒரு நொடியை எடுத்துவிட்டார்கள். அதற்காக வருத்தப்படுவதாக அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். கூடைக்கு வாய் என்று ஓர் இடம் உண்டு. அங்கே வந்ததும் முனைகளை உள்பக்கம் செருகி, நறுக்கி, கைப்பிடி போட்டு எழுந்துவிட வேண்டியதுதான்.

மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் வகுப்பில் சேர்ந்தார். பெண்கள் கூட்டம் என்று முதலில் வாசலோரமாகவே உட்கார்ந்திருந்தார். அவர் கை வயரை மடித்த அழகைப் பார்த்துப் பெண்களெல்லாம் தங்கள் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டார்கள். வேலைக்காலமெல்லாம் கம்பி வளைத்த கை இல்லையா? இப்போது அடிப்பாகம் போடுவதில் யாருக்குச் சிக்கல் வந்தாலும் என்னைக் கூப்பிடுவதில்லை, ‘ஐயா, இங்க கொஞ்சம் பாருங்க’ என்கிறார்கள்.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. கைவேலை என்று தொடங்கினால் அதற்கும் கடை விரித்து வைத்திருக்கிறார்கள். ஓர் அம்மா பன்னிரண்டு நிறத்தில் வயர், மணி, விதவிதமான கத்தரிக்கோல் எல்லாம் வரவழைத்து பீரோவில் அடுக்கிவிட்டார். தினமும் கூடை பின்னும் வீடியோவும் பார்த்தார். அடிப்பாகம் மட்டும் ஆரம்பிக்கவில்லை. வாங்குவதும் பார்ப்பதும் குறையவில்லை, விஷயம் மட்டும் மாறியிருந்தது. அந்த வயரையெல்லாம் வகுப்புக்கு எடுத்துவரச் சொல்லிப் பங்கு போட்டுவிட்டோம். அவருக்கு நீலமும் வெள்ளையும் மட்டும் கொடுத்தோம். இப்போது அவர் இரண்டாவது கூடையில் இருக்கிறார்.

தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர், காந்தியோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்காக உழைத்தவர், கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் வாழ்ந்தவர். ஒரு பொருளை வாங்குகிறவருக்கு, அது எப்படி உருவானது என்பதிலும் பொறுப்பு உண்டு என்பது அவர் கட்சி. அதை நான் புத்தகத்தில் படித்ததைவிடச் சந்தையில்தான் நன்றாகப் பார்த்தேன். ஒரு கூடை பின்னி முடித்தவர்கள், கோயில் வாசலில் கூடை விற்கும் அம்மாவிடம் பேரம் பேசுவதில்லை. விலையைக் கேட்டுவிட்டு, ‘இவ்வளவுதானா?’ என்கிறார்கள்.

வாங்குவதைக் குறைக்க என்னிடம் ஒரு சின்ன வழி உண்டு. நேரமில்லை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சமையலறையில் தினமும் கிழிக்கும் காலண்டர் தொங்குகிறது இல்லையா? ஏதாவது வாங்க ஆசை வந்தால், இரண்டு வாரம் தள்ளி ஒரு தேதித் தாளில் அதை எழுதிவையுங்கள். அந்தத் தாளைக் கிழிக்கும் காலையில் இன்னும் ஆசை இருந்தால் தாராளமாக வாங்குங்கள். பாதி நேரம், ‘இதை எதற்கு எழுதினோம்?’ என்று நமக்கே தோன்றும். மிளகாய்த்தூள், மருந்துக்கெல்லாம் இந்தச் சட்டம் கிடையாது.

போன் விஷயத்தில் தனியாக முடியாதவர்கள் கூட்டாகச் செய்யலாம். மகாராஷ்டிராவில் சாங்க்லி மாவட்டத்தில் வட்காவ் என்று ஒரு கிராமம். அங்கே 2022இல் ஊர் கூடி முடிவெடுத்தார்கள். மாலை ஏழு மணிக்குக் கோயிலில் சைரன் ஊதும். வீடுகளில் டிவி, போன் எல்லாம் அணையும். எட்டரைக்கு மறுபடி ஊதும்வரை பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். ஊருக்கே சைரன் வைக்க நம்மால் முடியாது. ஒரு குடியிருப்பில் நாலு வீட்டார் சேர்ந்து, சாயங்காலம் திண்ணையிலோ மொட்டைமாடியிலோ கையில் வேலையோடு உட்காரலாமே. கூடைதான் என்றில்லை, பூத் தொடுக்கலாம், கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடலாம், புள்ளி வைத்துக் கோலம் பழகலாம். இரண்டு கைக்கும் வேலை இருந்தால் சரி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தம்பி கையைக் காட்டுகிறார். நாளைக்கு வயர் வாங்கக் கிளம்புகிறவர்கள் யாராவது இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்கு மட்டும் ஒன்று. சின்னக் கூடைக்கு ஒன்றரைக் கட்டு போதும். இரண்டு நிறத்தில் ஒவ்வொரு கட்டு வாங்குங்கள். மூன்றாவது நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் கூடையை முடித்துவிட்டு வந்து வாங்குங்கள். விரலுக்குப் பிளாஸ்டர் வீட்டிலேயே இருக்கும்.